சத்தமில்லாத சுவிட்ச்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பேனல் கடையில், சுவிட்ச் என்றால் சத்தம் போட்டாக வேண்டும். ஆலைகளின் மோட்டார்களுக்கு மின்சாரம் பிரித்து அனுப்புகிற ஆளுயர இரும்புப் பெட்டிகளுக்கு நாங்கள் ஒயர் இழுப்போம். பெட்டிக்குள் காண்டாக்டர் என்று ஒன்று இருக்கும். வெளியே பொத்தானை அழுத்தினால் உள்ளே அது டக்கென்று ஒட்டிக்கொண்டு மோட்டாரை ஓடவிடும். எங்கள் ஃபோர்மேன் மீட்டரை எடுப்பதற்கு முன் காதைத்தான் கொடுப்பார். டக் திடமாக விழுந்தால் தலையாட்டுவார். மெலிதாக விழுந்தால், சீக்குக்காரன் மாதிரி இருமுகிறதே என்று பிரித்துப் பார்க்கச் சொல்வார். சத்தமே வராவிட்டால் அங்கே மின்சாரமே இல்லை என்று பொருள்.

பெட்டியின் முகத்தில் இரண்டு விளக்குகள் இருக்கும். சிவப்பு எரிந்தால் மோட்டார் ஓடுகிறது, கை வைக்காதே. பச்சை எரிந்தால் நிற்கிறது, கை வைக்கலாம். சாலையில் இது நேர்மாறாக இருப்பது எங்களில் யாரையும் குழப்பியதில்லை. சாலையில் நாங்கள் யாரும் விளக்கைப் பார்த்து ஓட்டியதும் இல்லை.

அந்தக் கடைக்கு நான் ஒயரிங் படித்துவிட்டு வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டபின் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டினேன். மீஞ்சூரில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து குழாய்களுக்குப் பெயின்ட் அடித்தேன். கொஞ்ச காலம் ஓர் இறால் குட்டைக்குக் காவல் இருந்தேன். சில இடங்கள் எனக்கு அலுத்தன, சில இடங்களுக்கு நான் அலுத்தேன். பேனல் கடையில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, நிறங்கள் தெரியுமா என்பது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று ஒயரையும் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன், சேர்த்துக்கொண்டார்கள். தகரக் கூரையின் கீழ் வெயில் நாள்களில் ஸ்க்ரூ டிரைவரின் இரும்புப் பக்கத்தைத் தெரியாமல் தொட்டால் கை சுடும். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலை அதுதான் எனக்கு முதல்.

தங்கியது ஆலைகளுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி விட்டிருந்த அறைகளில் ஒன்றில். கூட இருந்தவன் ஒரு ரோலிங் மில்லில் உதவியாளன். பழுக்கக் காய்ந்து பாம்பு மாதிரி வெளியே வரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பி விடுவது அவன் வேலை. பழவேற்காடு ஏரியில் வலை போடும் குடும்பத்துப் பையன். படகில் ஏறினால் அவனுக்கு வாந்தி வரும். அலையே இல்லாத ஏரியில் வாந்தி எடுக்கிறவன் என்று ஊரே சிரித்திருக்கிறது. தண்ணீர் ஆகவில்லை என்று நெருப்புக்கு வந்துவிட்டான்.

அவன் கிட்டார் வாசிப்பான். ஷிப்ட் முடிந்து வந்து குளித்ததும் கட்டிலில் கிட்டாரோடு உட்கார்ந்துவிடுவான். கம்பி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு கிட்டார் தந்தி உறைக்காது என்பதை ஒரு வசதி என்றே சொல்வான். விடுமுறை நாள்களில் ஒரு மெல்லிசைக் குழுவோடு போவான். குழு பழவேற்காட்டு பாய் ஒருவருடையது. அவர் குடும்பம் பரம்பரையாக வியாபாரக் குடும்பம். அவரிடம் ஷாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் வாடகைக்கு உண்டு. பாட்டுக்காரர்களும் அந்த வரிசையில் ஒன்று. நாற்காலி உடையாமல் திரும்பி வர வேண்டும், ஸ்பீக்கர் கிழியாமல் திரும்பி வர வேண்டும், பாட்டுக்காரர்கள் சண்டை போடாமல் திரும்பி வர வேண்டும். அவருடைய கவலைகள் இந்த வரிசையில்தான் இருந்தன.

சிக்கல் கிட்டாரில் இல்லை, பெடலில் இருந்தது. பெடல் என்பது காலால் மிதிக்கிற ஒரு சின்னத் தகரப் பெட்டி, சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. கிட்டாரிலிருந்து வரும் ஒயர் இதற்குள் புகுந்து ஸ்பீக்கருக்குப் போகும். ஒரு முறை மிதித்தால் கிட்டாரின் மெல்லிய நாதம் முறுக்கேறிக் கரகரவென்று பெரிதாகும், மேலே ஒரு குட்டி விளக்கு எரியும். மறுபடி மிதித்தால் விளக்கு அணைந்து பழைய நாதம் வரும். பாட்டுக்கு நடுவே வரும் இசைப்பகுதிக்கு அது வேண்டும். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பாகம் பாகமாக வாங்கி அவனே கூட்டிய பெட்டி அது. எல்லாம் சரியாகத்தான் செய்தது. ஆனால் மிதிக்கும்போதெல்லாம் டொப் என்றது.

அறையில் கேட்டால் அது ஒரு டொப், அவ்வளவுதான். பாயின் ஸ்பீக்கர் பெட்டிகள் வழியாக வந்தால் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த மாதிரி இருக்கும். ஒரு திருவிழாவில் டொப் கேட்டதும் விழாக் கமிட்டிக்காரர்கள் ஜெனரேட்டரை நோக்கி ஓடினார்கள். ஜெனரேட்டர்காரர் தன் மேல் பழி வருமுன் அதை அணைத்தே விட்டார். இருட்டில் அம்மனும் பாட்டுக்காரர்களும் காத்திருக்க, பியூஸைத் தேடினார்கள். பியூஸ் நன்றாக இருந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடி டொப்.

பாய்க்கு ஸ்பீக்கரின் மேல்தான் கவலை. ஒவ்வொரு டொப்பும் உள்ளே இருக்கும் காகிதக் கூம்பை உதைக்கிறது, ஒருநாள் கிழியும் என்று அவர் சொல்லிவந்தார். கடைசியில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தபா அந்தப் பொட்டி டொப்புன்னுச்சுன்னா வெச்சிக்கோ, கிட்டாரு சவுண்டு கீபோர்டுலயே கீது. அத வெச்சு நான் ஓட்டிக்குவேன். நீ ஊட்லயே வாசி தம்பி."

அடுத்த நிகழ்ச்சி ஆயுத பூஜை அன்று. நடக்கப்போவது அவன் வேலை பார்க்கும் அதே மில் வளாகத்தில். கம்பி திருப்புகிறவனாக மட்டும் அவனை அறிந்தவர்கள் முன்னால் முதல்முறையாக மேடையேறப் போகிறான். அன்று டொப் வந்தால், அவர்கள் கண்ணெதிரேயே அவன் இடத்தைக் கீபோர்டின் ஒரு பொத்தான் எடுத்துக்கொள்ளும்.

பாய் அப்படிச் சொல்லி அனுப்பிய அன்று, அறைக்கு வந்ததும் பெட்டியை என் மடியில் வைத்தான். நீ கரண்டு ஆள்தானே என்றான். அது பெரிய கரண்டு என்றேன். பெரியது தெரிந்தவனுக்குச் சின்னது தெரியாமல் போகுமா என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருந்த ஒயர்களைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. தலைமுடி மாதிரி இருந்தன. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, எங்கள் கடை வழக்கப்படி தடித்த ஒயர் போட்டேன். ஒவ்வொரு முனையிலும் நம்பர் மாட்டினேன். கடை வழக்கப்படி கண்ட இடத்திலெல்லாம் எர்த் கொடுத்தேன், சில இடத்தில் இரண்டு முறை. எர்த் அதிகமானால் ஆபத்து குறையும் என்பது நாங்கள் கேள்வி கேட்காமல் செய்கிற ஒன்று. மூடியை மூடுவதற்கு இருவரும் சேர்ந்து அழுத்த வேண்டியிருந்தது.

மிதித்தான். டொப் அப்படியே இருந்தது. கூடவே தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு ரீங்காரமும் விடாமல் கேட்டது.

"டொப்ப எடுக்கச் சொன்னேன். நீ இன்னாடான்னா தொணைக்கு ஆள் சேத்துக்கினு வந்திருக்கியே" என்றான்.

அதன்பின் போனில் வீடியோக்கள் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் இந்த டொப்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருந்தார்கள். உலகத்தில் இத்தனை பேருக்கு இதைத் தவிர வேறு கவலை இல்லை என்பது ஆறுதலாக இருந்தது. அவர்கள் பேச்சில் பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. கைகளை மட்டும் பார்த்தேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்பதற்கு மொழி வேண்டியதில்லை.

பிடிபட்ட அளவில் சொல்கிறேன். பெடல் அணைந்திருக்கும்போதும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் தேங்கி நிற்கிறது. மிதித்ததும் அது ஒரேயடியாகக் குதிக்கிறது. அது சத்தமில்லாமல் வடிந்துகொண்டே இருக்க, நுழைவாயிலில் ஒரு ரெசிஸ்டரைப் போட வேண்டும். அதைப் போட்டதும் டொப் பாதியானது. மீதிப் பாதிக்குக் காரணம் அந்தக் குட்டி விளக்கு என்று ஒருவர் சொன்னார். நான் நம்பவில்லை. கடுகளவு விளக்கு ஆளுயர ஸ்பீக்கரை உதைக்குமா?

நம்பவைத்தது பக்கத்து ஆலை. அங்கே மின்சார உலையைப் போடும்போதெல்லாம் எங்கள் அறை டியூப் லைட் ஒரு கணம் மங்கி எழும். பெரியவன் ஒரு வாய் குடிக்கும்போது சின்னவனுக்குத் தொண்டை வறள்கிறது. பெடலுக்குள்ளும் அதுதான் நடந்தது. அங்கே விளக்குதான் பெரியவன். அது திடீரென்று எரியும்போது ஒரு வாய் இழுக்கிறது, பக்கத்தில் ஓடும் கிட்டார் ஒலி திடுக்கிடுகிறது, அந்தத் திடுக்கிடலைத்தான் ஸ்பீக்கர் பெரிதாக்கிக் கொடுக்கிறது. அதனால் விளக்கிலிருந்து திரும்பி வரும் ஒயரை ஒலி போகிற ஒயரோடு சேர்க்காமல், தனியாகவே மின்சாரம் நுழையும் இடத்துக்குக் கொண்டுபோய் முடித்தேன். நான் கொடுத்திருந்த எர்த்துகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ரீங்காரம் போனது. டொப் தொண்டை கட்டின மாதிரி ஆனது, ஆனால் சாகவில்லை.

அதைச் சாகடித்தது அறிவு அல்ல, பழக்கம். ஒற்றை விளக்கோடு ஒரு பெட்டியை மூடுவதற்கு என் கை வரவில்லை. ஓடினால் சிவப்பு, நின்றால் பச்சை, அப்படி இருந்தால்தான் பெட்டி. அழகுக்காகத்தான் இரண்டாவது விளக்கைச் சேர்த்தேன். மிதித்தால் பச்சை போய் சிவப்பு வரும், மறுபடி மிதித்தால் சிவப்பு போய் பச்சை வரும். எப்போதும் ஒன்று எரிந்துகொண்டே இருப்பதால், குடிக்கிறவன் எப்போதும் ஒரே அளவாகக் குடித்துக்கொண்டிருந்தான். யாரும் திடுக்கிடவில்லை. இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மிதித்தான். ஒன்றும் கேட்கவில்லை.

"ஒர்க் ஆவல" என்றான்.

தந்தியை மீட்டச் சொன்னேன். அறை முழுக்கக் கரகரத்தது. மறுபடி மிதித்தான், மெல்லிய நாதம். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருந்தோம். சிவப்பு ஓடுகிறது, பச்சை நிற்கிறது என்று நான் விளக்கத் தேவை இருக்கவில்லை, அவனும் மில்காரன். அடுத்த நாள்களில் விளக்கைப் பார்த்துப் பார்த்தே மிதித்துப் பழகினான்.

ஆயுத பூஜை அன்று மில்லை அடையாளம் தெரியவில்லை. எந்திரங்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். முற்றத்தில் மேடை போட்டிருந்தது. நானும் குழுவோடு ஒயர் சுருட்டப் போயிருந்தேன். மில்லின் மூத்த ஃபிட்டர் ஒருவர் குளித்துப் பட்டை போட்டு, தட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சுற்றி வந்தார். லேத்துக்கு, கிரேன் கொக்கிக்கு, எடை மேடைக்கு, கேன்டீன் மாவரைக்கிற கல்லுக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு. மேடைக்கு ஏறி பாயின் சவுண்ட் மிக்சருக்கும் வைத்தார். வருஷா வருஷம் வைப்பதுதான் போல. பட்டன் சந்துக்குள் போகாமல் வைக்கும்படி மட்டும் பாய் கேட்டுக்கொண்டார். அடுத்து டிரம்ஸ், கீபோர்டு. கடைசியாகத் தரையில் கிடந்த பெடலைப் பார்த்துக் குனிந்தார். பெட்டியின் முகத்தில் இரண்டு குட்டி விளக்குகள் கண் மாதிரி இருந்தன. பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் அவருக்கு வேறு கிடைத்திருக்காது. ஒவ்வொன்றின் மேலும் கட்டை விரலால் சந்தனத்தை அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தார். பார்க்க நன்றாக இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கிட்டார்காரன் அப்போது மேடைக்குப் பின்னால் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நிகழ்ச்சி தொடங்கியது. முதல் பாட்டுகளுக்குப் பெடல் தேவைப்படவில்லை. அவன் ஷிப்ட் ஆள்கள் முன்வரிசையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அவன் பட்டப்பெயரைச் சொல்லி விசிலடித்தார்கள். பிறகு அந்தப் பாட்டு வந்தது. பாடியவர் குழுவின் மூத்த பாடகி, எல்லாருக்கும் அக்கா. பல்லவியை முடித்துவிட்டு மைக்கைத் தாழ்த்தினார். இவன் மிதித்தான்.

டொப் வரவில்லை. மிக்சர் அருகில் நின்றிருந்த எனக்கு மார்பு நிமிர்ந்தது. அவனுக்கோ, அந்தச் சத்தம் இல்லாமல், மிதித்த மாதிரியே இல்லை. சந்தேகம் வந்து குனிந்து பார்த்தான். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. இரண்டு பொட்டுகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. மறுபடி மிதித்தான். கரகரவென்று எழுந்த நாதம் பாதியில் அறுந்து மெலிந்தது. மறுபடி, மறுபடி. தண்ணீர் வராத நேரத்துக் கைபம்பு மாதிரி கிட்டார் விக்கியது.

அதற்குள் இன்னொன்றும் தெரியவந்தது. அக்கா தாளம் எண்ணிப் பாடுகிறவர் அல்ல. முதல் டொப் கேட்டால் இசைப்பகுதி தொடங்குகிறது, இரண்டாவது டொப் கேட்டால் அது முடிந்து தன் வரி வருகிறது, இத்தனை காலமும் அவர் அப்படித்தான் பாடி வந்திருக்கிறார். அன்று டொப் வராததால் மைக்கைப் பிடித்தபடி சிரித்த முகமாக நின்றார். அவருடைய வரி வந்தது, தாண்டிப் போனது. கீபோர்டுக்காரன் நிலைமையைப் பார்த்து, தன்னிடம் இருந்த கிட்டார் ஒலியை அழுத்தி, இவன் வாசிக்க வேண்டியதை முதலிலிருந்து தானே வாசித்தான். டிரம்ஸ்காரன் சிம்பலை ஓங்கி அடித்து அக்காவை எழுப்பினான். பாட்டு எப்படியோ கரையேறியது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

முடிந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தோம். கிட்டார்காரன் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து, கட்டை விரலால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சந்தனத்துக்குக் கீழே சிவப்பு எரிந்தது. போகச் சொல்லிவிடுவார்கள் என்று அவனே முடிவுகட்டியிருந்தான் போல. கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பையும் இழுத்திருந்தான்.

அக்காதான் முதலில் வந்தார். "எனக்கு ஒரு சைகை வேணும் பாய். பைத்தியக்காரி கணக்கா நிக்க வெச்சிட்டான். அந்த எடம் வந்தா இவன் கைய தூக்கட்டும்."

"கைய தூக்குனா கிட்டார யாரு வாசிக்கிறது?" என்றார் பாய்.

"இப்ப மட்டும் இன்னா வாசிச்சிட்டான்? தூக்கட்டும்."

பாய் அவரைச் சமாதானப்படுத்தி வேனுக்கு அனுப்பிவிட்டு இவன் பக்கம் வந்தார். ஸ்பீக்கரின் கூம்பை ஒரு தரம் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் திருப்தி தெரிந்தது.

"இன்னிக்கிதான் தம்பி சுத்தமா இருந்துச்சு. ஒருத்தன் எந்திரிச்சு ஓடல. கீபோர்டு கவர் பண்ணிக்கினான், பாத்தேன், அது கெடக்குது. அக்காவுக்குத் தலைய ஆட்டி வுடு, போதும்."

கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பிக் கேட்டார்.

"அடுத்த ப்ரோக்ராம் ஆரம்பாக்கத்துல. எல்லாருக்கும் ஒரே கலர்ல சட்டை தைக்கக் குடுக்கறேன். உன் சைஸ் இன்னா?"

இவன் வாயைத் திறப்பதற்குள் ஷிப்ட் ஆள்கள் கும்பலாக மேடையேறி வந்தார்கள். ஒருவன் தோளில் ஓங்கி அடித்தான்.

"மச்சான், நடுவுல ஒரு எடத்துல தனியா வாசிச்ச பாரு, கிழிச்சிட்டடா. நாளிக்கி கம்பி புடிக்கச் சொல்ல ஃபோர்மேனுக்கே வாய் வராது."

அவன் சொன்ன இடம் கீபோர்டுக்காரன் வாசித்தது. கீபோர்டுக்காரன் அங்கேதான் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மடக்கத் தொடங்கினான்.

"தேங்ஸ்டா" என்றான் கிட்டார்காரன்.

அவர்கள் பொரியும் சுண்டலும் வாங்கப் போனபின் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்.

"கடைசிப் பாட்டுல ஒரு எடம் எனக்கு நல்லா வந்துச்சு. நீயாவது கேட்ட இல்ல?"

நிகழ்ச்சி முழுக்க நான் மிக்சர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். டொப் வருகிறதா என்று மட்டும் காது கொடுத்து நின்றிருந்தேன்.

"ஒரு தபா கூட டொப்புன்னு வர்ல" என்றேன்.

அவன், சட்டை சைஸ் கேட்டுவிட்டு இன்னும் காத்துக்கொண்டிருந்த பாய் பக்கம் திரும்பினான்.

"நாப்பது, பாய்."